நடுவரை நம்பும் விதிப்புத்தகம்

தாயம் ஆடக் கற்றுக்கொள்ள யாரும் புத்தகம் வாங்குவதில்லை. பாட்டி சொன்னால் போதும், ஐந்து நிமிட வேலை. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்துக்கோ மூன்று தடித்த புத்தகங்கள். ஒவ்வொன்றும் முந்நூறு பக்கத்தைத் தாண்டும். இத்தனைக்கும் அந்த ஆட்டத்தில் வெற்றி, தோல்வி என்று எதுவும் இல்லை. பலகைகூடக் கட்டாயமில்லை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரர், மந்திரவாதி, திருடன். மீதி உலகம் முழுவதும் ஒருவர் பொறுப்பு. அவர்தான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம்.

“கோட்டைச் சுவரில் ஏறுகிறேன்” என்கிறார் ஒருவர். ஏற முடியுமா? சந்தேகமே இல்லை என்றால் டிஎம் ஆமாம், இல்லை என்று சொல்லிவிடலாம். சந்தேகம் இருந்தால்தான் பகடை. டிஎம் மனதில் ஒரு இலக்கு எண் வைக்கிறார்: நடுத்தரக் கடினம் என்றால் 15. ஆட்டக்காரர் இருபது பக்கப் பகடையை உருட்டி, தன் பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டுகிறார். அந்த எண் 4 என்றால், பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், சரிபாதி வாய்ப்பு. மேலிருந்து யாராவது கயிறு விட்டால்? இப்போதைய விதிப்படி பகடையை இரண்டு முறை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று டிஎம் அனுமதிக்கலாம். 50 சதவீதம் 75 ஆகிவிடும். முந்தைய பதிப்புகளில் இதற்கெல்லாம் கூட்டல், கழித்தல் பட்டியல் பார்த்தார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

எண்கள் எளிமைதான். ஆனால் கயிறு உதவுமா, இலக்கு 15-ஆ 20-ஆ என்று தீர்மானிப்பது ஒரு மனிதர். இது விதி எழுதியவர்கள் கவனிக்காமல் விட்ட ஓட்டை இல்லை. இந்த ஆட்டம் பிறந்ததே அந்த நடுவரை வைத்துத்தான்.

பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதற்காக வரைபடம், பகடை, இழப்புகளைக் கணக்கிடும் அட்டவணைகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நடுவர். காலப்போக்கில் அட்டவணைகள் பெருத்து, ஆட்டம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. 1876-இல் தளபதி வெர்டி டு வெர்ன்வா வேறு வழி காட்டினார்: அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள், அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு. அமெரிக்க அதிகாரி சார்லஸ் டாட்டன் 1880-இல் எழுதிய ‘ஸ்ட்ராட்டகோஸ்’ நூலும் நடுவருக்கு அதே அதிகாரத்தைக் கொடுத்தது. மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் அந்த நூலை எடுத்துப் படித்தார். 1960களின் இறுதியில் நெப்போலியன் காலத்து ஜெர்மானிய ஊர் ஒன்றைக் களமாக்கி, படைகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு மனிதரின் வேடத்தை நண்பர்களுக்குக் கொடுத்தார். அங்கே ஆடியவர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன். அவர் அதை மந்திரமும் பூதங்களும் உள்ள உலகத்துக்குக் கொண்டுபோனார். ஒரே அடியில் பாத்திரம் செத்துப்போவது ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. அதனால் கப்பல் போர் விளையாட்டிலிருந்து, அடி வாங்க வாங்கக் குறையும் உயிர்ப் புள்ளிகளை எடுத்து மனிதர்களுக்குப் பொருத்தினார். இன்று கணினி விளையாட்டில் நாம் பார்க்கும் ‘ஹிட் பாயின்ட்’ அதன் வாரிசு.

ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து எழுதிய முதல் பதிப்பு 1974-இல் வந்தது. மூன்று சிறுநூல்கள் கொண்ட பெட்டி, விலை 10 டாலர், 1,000 பிரதிகள். அதை வைத்துப் புதிதாக ஒருவர் ஆடக் கற்பது பெரும்பாடு. சண்டை விதிகளுக்கு வேறொரு புத்தகம், காட்டுப் பயணத்துக்கு வேறொரு நிறுவனத்தின் பலகை எல்லாம் தேவைப்பட்டன. ஆனாலும் கடைசிச் சிறுநூலின் முடிவுரை தெளிவாகவே இருந்தது: விளக்கம் கேட்டு எங்களுக்குக் கடிதம் எழுதாதீர்கள், நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஐந்தே ஆண்டுகளில் கைகாக்ஸ் மறுபக்கம் சாய்ந்தார். 1979-இல் வந்த அவருடைய ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு’ ரத்தினக் கற்களின் மதிப்பு முதல் நோய்கள் வரை அட்டவணை போட்டது. எல்லா ஊரிலும் ஆட்டம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றது. அதன் ஒழுங்கற்ற செழிப்பு எனக்குப் பிடிக்கும், ஆனால் மேசையில் தேடிப் பிடிக்க ஏற்ற நூல் அல்ல. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு ஏறத்தாழ எல்லாவற்றையும் இருபது பக்கப் பகடைக்குள் கொண்டுவந்தது. அப்படியும், எதிரியைக் கட்டிப்பிடித்து மல்லுக்கு நிற்கும் விதி மட்டும் படித்தவர்களையெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது.

பிரஷ்யாவில் நடந்ததே இங்கேயும் நடந்தது. 2008-இல் மேட் ஃபின்ச் எழுதிய சிறுநூல், விதியைத் தேடாதே, தீர்ப்புச் சொல் என்று பழைய பாணிக்கு வாதாடியது. 2010-இல் வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ ஆட்டத்தில் வேறு தந்திரம் செய்தார்கள்: நடுவர் எப்போது என்ன செய்ய வேண்டும் என்ற ஆலோசனையையே விதியாக்கினார்கள். அங்கே சாதாரணப் பகடைகள் இரண்டு. 7 முதல் 9 விழுந்தால் காரியம் முடியும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 36-இல் 15 வாய்ப்பு அந்தப் பகுதிக்கே என்பதால் கதை ஓரிடத்தில் நிற்பதில்லை.

நல்ல ஆலோசனைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கும். அதே சுவரை மூன்று கட்டமாக ஏறச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பகடை கேட்கிறார் ஒரு டிஎம். ஒவ்வொரு கட்டத்திலும் 75 சதவீத வாய்ப்பு, தாராளம்தான். ஆனால் மூன்றிலும் வெல்லும் வாய்ப்பு 42 சதவீதம்தான். தனக்கே தெரியாமல் கதையைச் சுவரடியில் புதைத்துவிடுகிறார். ஒரு செயலுக்கு ஒரு முறை உருட்டினால் போதும் என்பது அதனால்தான். துப்பறியும் கதைக்கு, இவ்வகை ஆட்டங்களைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் சொல்வதும் இதே வகை: ஆட்டக்காரர் கண்டுபிடித்தே ஆக வேண்டிய ஒவ்வொரு உண்மைக்கும் குறைந்தது மூன்று தடயம் வையுங்கள். ஒன்றைப் பார்க்கத் தவறுவார்கள், ஒன்றை அலட்சியம் செய்வார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்.

ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்குச் செலவில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம். ஆனால் டிஎம்முக்கான ஆலோசனை அதில் மிகக் குறைவு. ஃபின்ச்சின் சிறுநூலும் இலவசமாகவே கிடைக்கிறது; அதை முதலில் படியுங்கள்.