மீஞ்சூர் பகுதியில் தை, மாசிப் பட்டத்தில் இயற்கைக் காய்கறித் தோட்டம்: விதைக்கும் முன் தண்ணீரின் உப்பை அளந்து பாருங்கள்

பொங்கல் முடிந்து சம்பா அறுவடையும் ஓய்ந்தவுடன், வீட்டைச் சுற்றியுள்ள காலி இடத்தில் காய்கறி போடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வரும். மீஞ்சூர், பொன்னேரி பகுதிகளில் தை மாதத்தில் ஆசையோடு விதைக்கப்படும் தோட்டங்களில் பல, பங்குனி பிறப்பதற்குள் இலை ஓரம் கருகி, பூ உதிர்ந்து, கைவிடப்படுகின்றன. உரம் போதவில்லை, விதை சரியில்லை, பூச்சி அடித்துவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆனால் இந்தப் பகுதியில் பெரும்பாலும் முதல் காரணம் தண்ணீரில் உள்ள உப்புதான்.

ஆரணியாறும் கொசஸ்தலை ஆறும் பாயும் இந்தப் பகுதியின் நிலத்தடி நீர் ஒரு காலத்தில் பெயர் பெற்றது. சென்னையின் குடிநீர்த் தேவைக்காக 1960களின் இறுதியில் இருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்துத் தண்ணீர் எடுக்கப்பட்டது. விவசாயத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் சேர்த்து அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்தது. கடல்நீரைக் குடிநீராக்கி, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை 2010ஆம் ஆண்டு காட்டுப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வீட்டுத் தோட்டத்துக்கு நமக்குக் கிடைப்பது இன்றும் கிணற்று நீரும் போர்வெல் நீரும்தான். எனவே தோட்டத் திட்டத்தைத் தண்ணீரில் இருந்து தொடங்க வேண்டும்.

ஏன் தை மாதம் ஏற்றது?

வடகிழக்குப் பருவமழை மேல்மண்ணில் தேங்கிய உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த ஆண்டில், தை மாதத்தில் மண்ணிலும் மேல்மட்டக் கிணற்று நீரிலும் உப்பு குறைவாக இருக்கும். வெயில் ஏற ஏற உப்பும் கூடும். செடிக்கு முளைக்கும் பருவமும் நாற்றுப் பருவமும்தான் உப்பைத் தாங்க முடியாத பருவங்கள். தை மாதத்திலும் மாசி முற்பாதியிலும் விதைத்தால் இந்தப் பருவத்தை நல்ல சூழலில் கடந்துவிடும். சுரை, பீர்க்கு, பாகல் போன்ற கொடிகளைத் தாமதமாக விதைத்தால், கோடை வெப்பத்தில் ஆண் பூக்கள் அதிகமாகிப் பிஞ்சு குறையும். அதற்காகவும் தை மாதமே நல்லது.

உப்பை அளவிடுவது எப்படி?

மோட்டாரை 10 நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் அலசிய சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து, மறுநாளுக்குள் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும். தோட்டத்தில் நான்கைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்தில் மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் அரை கிலோவையும் சேர்த்துக் கொடுக்கலாம். உடனே தெரிய வேண்டுமென்றால், வீட்டுக்கு ஆர்.ஓ. கருவி பழுது பார்க்க வருபவரிடம் உள்ள டி.டி.எஸ். மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம்.

ஐக்கிய நாடுகள் சபையின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு வகுத்துள்ள பாசன நீர் வழிகாட்டுதலின்படி, டி.டி.எஸ். 450க்குக் கீழே இருந்தால் எந்தக் காய்கறியும் போடலாம். 450 முதல் 2000 வரை இருந்தால் பயிரைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். 2000க்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரைத் தனியாகப் பாய்ச்சக் கூடாது.

இதை ஒரு கணக்கில் பார்க்கலாம். டி.டி.எஸ். 2000 உள்ள தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருக்கும். 15 லிட்டர் குடத்தில் 30 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி உப்பு. ஒரு பாத்திக்குத் தினம் ஒரு குடம் வீதம் 90 நாள் ஊற்றினால், அந்தப் பாத்தியில் 2.7 கிலோ உப்பைக் கொட்டியதற்குச் சமம். எவ்வளவு தொழு உரம் போட்டாலும் இதை ஈடுகட்ட முடியாது.

ஒரு பாத்திக்கு ஒரு குடம்

எத்தனை பாத்தி போடுவது என்பதை இடத்தை வைத்து முடிவு செய்யாமல், கிடைக்கும் தண்ணீரை வைத்து முடிவு செய்யுங்கள். கோடையில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தேவை. 1 மீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம் கொண்ட பாத்திக்கு 15 லிட்டர், அதாவது ஒரு குடம். நாளைக்கு ஆறு குடம் ஒதுக்க முடிந்தால் ஆறு பாத்தி. மூன்று குடம்தான் முடியும் என்றால் மூன்று பாத்தி போதும். ஆறு பாத்திகளும் நடைபாதையும் ஒரு சென்ட் இடத்துக்குள் அடங்கிவிடும்.

போர்வெல் நீர் உப்பாக இருந்தால், நல்ல தண்ணீரைக் கலந்து உப்பைக் குறைக்கலாம். டி.டி.எஸ். 2000 உள்ள ஒரு குடத்தோடு 200 உள்ள ஒரு குடத்தைக் கலந்தால் 1100 ஆகிவிடும். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் நல்ல தண்ணீரில் கழுவியதாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். விதைத்த நாள் முதல் 15, 20 நாட்களுக்காவது கிடைக்கும் நல்ல தண்ணீரை நாற்றுகளுக்கே முதலில் ஒதுக்குங்கள்.

இரண்டு தண்ணீரைத் தவிர்க்க வேண்டும். ஒன்று, ஆர்.ஓ. கருவியில் இருந்து வெளியேறும் கழிவு நீர். சுத்தமாகத் தெரிந்தாலும், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். மற்றொன்று, துணி துவைத்த சோப்புத் தண்ணீர். அதில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும்.

எந்தத் தண்ணீருக்கு எந்தப் பயிர்?

பீன்ஸ், கேரட், முள்ளங்கி, வெங்காயம் ஆகியவை உப்பைத் தாங்காது. டி.டி.எஸ். 500க்கு மேல் போனாலே விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய் சுமார் 650 வரையிலும், தக்காளியும் வெள்ளரியும் சுமார் 1100 வரையிலும் தாங்கும். கத்தரிக்கும் வெண்டைக்கும் உப்பைத் தாங்கும் திறன் குறைவு என்பதால், அவற்றுக்குக் கலந்த தண்ணீரே பாதுகாப்பானது. காராமணி 2000 வரை தாங்கும். கொத்தவரை அதைவிட உறுதியானது. தண்டுக்கீரை, முருங்கை ஆகியவையும் ஓரளவு உவர்ப்பைத் தாங்கும்.

தண்ணீர் நன்றாக இருக்கும் வீடுகளில் ஆறு பாத்திகளைக் கீழ்க்கண்டவாறு அமைக்கலாம்.

முதல் பாத்தி: தண்டுக்கீரை. பாத்தியை இரண்டாகப் பிரித்து 15 நாள் இடைவெளியில் விதைத்தால் தொடர்ந்து கீரை கிடைக்கும். மொத்தப் பாத்திக்கும் 1 கிராம் விதை போதும். மணலோடு கலந்து தூவவும். 25 முதல் 30 நாளில் பறிக்கலாம்.

இரண்டாம் பாத்தி: வெண்டை. 45 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசை, செடிக்குச் செடி 30 செ.மீ. என 20 செடிகள். சுமார் 45 நாளில் காய்க்கத் தொடங்கும்.

மூன்றாம் பாத்தி: கொத்தவரை அல்லது காராமணி. இரண்டு வரிசைகளில் 15 செ.மீ.க்கு ஒரு செடி.

நான்காம் பாத்தி: கத்தரி. 60 செ.மீ. இடைவெளியில் 10 செடிகள். மார்கழி இறுதியில் விதைத்து, 30 முதல் 35 நாள் வயதுள்ள நாற்றாக நட வேண்டும்.

ஐந்தாம் பாத்தி: பாதி தக்காளி, பாதி மிளகாய். கடும் வெயிலில் தக்காளிப் பூ உதிரும் என்பதால் நடவைத் தாமதிக்கக் கூடாது.

ஆறாம் பாத்தி: வேலியோரம் பந்தல் போட்டுச் சுரை, பீர்க்கு, பாகல் கொடிகள். ஒரு குடும்பத்துக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு குழிகள் போதும்.

தண்ணீர் 1100க்கு மேல் உள்ள வீடுகளில் கத்தரி, தக்காளி, மிளகாயை விட்டுவிட்டு, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை ஆகியவற்றை இரண்டு பாத்திகளாகப் போடுங்கள். வேலி ஓரத்தில் ஒரு முருங்கை இருக்கட்டும். நான்கு வகைக் காய் நன்றாகக் காய்ப்பது, பத்து வகை போட்டு எல்லாம் கருகுவதைவிட மேல்.

விதைக்கு வீரிய ஒட்டு ரகங்களைத் தவிர்த்து, நாட்டு விதைகளையோ பெரியகுளம் 1 தக்காளி, பாலூர் 1 கத்தரி, அர்கா அனாமிகா வெண்டை போன்ற ரகங்களையோ வாங்கினால், அடுத்த ஆண்டுக்கு விதையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். விதைக்கும் முன் 100 கிராம் விதைக்கு 1 கிராம் சூடோமோனாஸ் வீதம் கலந்து நேர்த்தி செய்யவும்.

பாத்தி தயாரிப்பு

தரையில் இருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் மேட்டுப்பாத்தி அமைத்தால், பாத்தியில் உள்ள உப்பு வடிய வழி கிடைக்கும். சதுர மீட்டருக்கு 2.5 கிலோ நன்கு மட்கிய தொழு உரமும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் இட்டு மண்ணோடு கலக்கவும். பசுஞ்சாணத்தையும் மட்காத கோழி எருவையும் இடக் கூடாது. அவற்றிலும் உப்பு உண்டு. தென்னை நார்க்கழிவு வாங்கினால் நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

பார் அமைத்து வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுபவர்கள், விதையைப் பாரின் உச்சியில் ஊன்ற வேண்டாம். ஈரம் மேலேறி ஆவியாகும்போது உப்பு உச்சியில்தான் படியும். பக்கவாட்டுச் சரிவில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஊன்றினால் நன்றாக முளைக்கும்.

முளைத்து ஒரு சாண் உயரம் வந்ததும் வைக்கோல், காய்ந்த இலை, தென்னை ஓலைத் துண்டுகளைக் கொண்டு மூடாக்கு இடவும். மண்ணில் இருந்து நீர் ஆவியாவது குறைந்தால் உப்பு மேலே வருவதும் குறையும். உப்புத் தண்ணீரைத் தினமும் மேலாகத் தெளிப்பது நல்லதல்ல. களிமண் பாத்தியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு குடமாக வேர் வரை நனையும்படி ஊற்றுங்கள். மணற்பாங்கான இடத்தில் தினமும் ஊற்றலாம். எதுவானாலும் செடியின் இலை மேல் படாமல் தூரில் ஊற்ற வேண்டும். தொட்டியிலும் பையிலும் வளர்ப்பவர்கள், 15 நாளுக்கு ஒரு முறை அடித்துளை வழியாக நன்றாக வடியும் வரை நல்ல தண்ணீர் ஊற்றி உப்பை வெளியேற்ற வேண்டும்.

சாம்பல் குறித்துக் கவனம்

அனல் மின் நிலையங்கள் உள்ள பகுதி என்பதால், பள்ளத்தை மேடாக்க நிலக்கரிச் சாம்பலைக் கொட்டிய மனைகள் இருக்கலாம். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம் போன்றவை இருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட இடத்தில் நேரடியாகக் காய்கறி பயிரிடாமல், வேறு இடத்து நல்ல மண்ணை நிரப்பிய தொட்டிகளிலோ பைகளிலோ வளர்க்கவும். சாலை, சாம்பல் குட்டைகளுக்கு அருகில் உள்ளவர்கள் தோட்டத்தைக் காற்று நேரே படாத பக்கத்தில் அமைத்து, கீரையை மூன்று முறை அலசிச் சமைக்க வேண்டும். வீட்டு அடுப்புச் சாம்பல் வேறு. ஆனால் அதுவும் காரத்தன்மை உள்ளது என்பதால், உவர் மண்ணில் அள்ளிப் போட வேண்டாம்.

பூச்சி, நோய் மேலாண்மை

50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, 1 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் அசுவினி, வெள்ளை ஈ, இளம் புழுக்கள் கட்டுப்படும். வெண்டையில் நரம்பு மஞ்சளாகும் செடியை உடனே பிடுங்கி அழிக்கவும். கத்தரியில் வாடித் தொங்கும் நுனியைப் புழுவோடு கிள்ளி எடுத்துவிடவும். பாகல், பீர்க்கில் பழ ஈ தாக்கிய காய்களைத் தோட்டத்தில் விடாமல் ஆழமாகப் புதைக்கவும். பயிர் வளர்ச்சிக்கு 15 நாளுக்கு ஒரு முறை லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம்.

இலை ஓரம் மட்டும் பழுத்துக் கருகினால் பூச்சி மருந்தைத் தேடாதீர்கள். மண்ணின் மேல் வெண்ணிறப் பூப்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மேல்மண்ணைச் சுரண்டி அகற்றி, நல்ல தண்ணீர் ஊற்றி, தண்ணீரின் டி.டி.எஸ். அளவை மறுபடியும் பாருங்கள். தை மாதத்தில் 900 இருந்தது சித்திரையில் அதே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. உப்பு ஏறிவிட்டால் அக்னி நட்சத்திரத்துக்கு முன் வலுவிழந்த பாத்திகளை அறுவடை செய்து முடித்துவிட்டு, இருக்கும் நல்ல தண்ணீரை இரண்டு, மூன்று பாத்திகளுக்கு மட்டும் கொடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான தண்ணீர்

500 சதுர அடிக் கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 460 லிட்டர், அதாவது 30 குடம் உப்பில்லாத தண்ணீர் விழுகிறது. முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டு, பிறகு வரும் நீரைத் தொட்டியில் மூடிச் சேமிக்கலாம். மீதியைக் கிணற்றிலோ உறிஞ்சு குழியிலோ இறக்கினால் கிணற்று நீரின் உப்பும் படிப்படியாகக் குறையும். புரட்டாசிக்குள் இந்த வேலையை முடித்துவிட்டால், அடுத்த தை மாதத்தில் இன்னும் ஒரு பாத்தி கூடுதலாகப் போடலாம்.

மண், நீர்ப் பரிசோதனை, விதை, உயிர் உரங்கள் குறித்த விவரங்களுக்கு மீஞ்சூர் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம் அல்லது திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். போகும்போது அரை லிட்டர் தண்ணீரும் அரை கிலோ மண்ணும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.