அழுதால் அழட்டும்

1971 மே மாதம் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர் நார்மன் கத்கெல்ச், இங்கிலாந்தின் ஹல் நகரில் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். மண்டைக்குள் ரத்தம் கட்டிய கைக்குழந்தைகள் அவரிடம் வந்துகொண்டிருந்தார்கள். சிலருக்குத் தலையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அடியே படாமல் ரத்தம் எப்படிக் கட்டும்? நின்றிருக்கும் காரில் பின்னாலிருந்து வண்டி மோதினால், உள்ளே இருப்பவர் கழுத்து வெடுக்கென்று முன்னும் பின்னும் போய்வரும். குழந்தையைப் பிடித்து உலுக்கினாலும் அதுதான் நடக்கிறது என்றார் அவர். அடிப்பதுதான் தப்பு, உலுக்குவதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் பெற்றோர் சிலரிடம் இருப்பதையும் சுட்டிக்காட்டினார்.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். அதைத் தாங்கும் வலு கழுத்துக்கு வர மூன்று நான்கு மாதமாகும். மூளையோ தண்ணீர்ச் சத்து மிகுந்த, கொழகொழப்பான உறுப்பு. வேகமாக உலுக்கும்போது மண்டையோடு ஒரு பக்கமும் மூளை ஒரு பக்கமுமாக ஓட, இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்துபோகின்றன. கண்ணின் விழித்திரையிலும் ரத்தம் கசியும். மூச்சு தடுமாறி மூளை வீங்கும். இத்தனைக்கும் சில விநாடிகள் போதும். அமெரிக்கக் கணக்குப்படி, இந்தப் பாதிப்புக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒரு குழந்தை பிழைப்பதில்லை. பிழைத்தவர்களில் பலருக்கு வலிப்பு, பார்வைக் குறை, கை கால் சரியாக வராமை என்று வாழ்நாள் பாதிப்பு. மடியில் வைத்துக் கொஞ்சுவதாலோ, தூளியை இதமாக ஆட்டுவதாலோ, மேடுபள்ளச் சாலையில் பஸ்ஸில் போவதாலோ இது வருவதில்லை. அந்தப் பயம் வேண்டாம்.

உலுக்குகிறவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்களா? பெரும்பாலும் இல்லை. தூக்கம் கெட்டு, என்ன செய்தும் அழுகை நிற்காமல், ஒரு கணம் கை மீறிப்போனவர்கள். அமெரிக்க ஆய்வுகளில் பெண்களைவிட ஆண்களே இதில் அதிகம்.

அந்த அழுகைக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டாவது வாரத்தில் கூடத் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய், நாலைந்து மாதத்தில் தானாக அடங்கும். பெரும்பாலும் பொழுது சாயும் நேரத்தில்தான் ஆரம்பிக்கும். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் குங் சான் மக்கள் குழந்தையை எந்நேரமும் உடம்போடு ஒட்டிச் சுமந்தார்கள். கேட்கும்போதெல்லாம் பால் தந்தார்கள். ரொனால்ட் பார் என்ற குழந்தை மருத்துவரும் அவரது குழுவினரும் அவர்களைக் கவனித்து 1991இல் எழுதினார்கள். அங்கேயும் அதே ஏற்றம், அதே இறக்கம். மொத்த நேரம்தான் குறைவு.

நம் வீட்டில் யார் இதைக் கேட்பார்கள்? பால் பத்தவில்லை, கண் பட்டிருக்கிறது, நீ நேற்று சாப்பிட்டது சேரவில்லை என்று தாயின் மேல்தான் முதல் பழி. அடுத்தது, உரம் விழுந்துவிட்டது, அதாவது உடம்பு சுளுக்கிக்கொண்டது என்பார்கள். உரம் எடுக்க, பழைய சேலையின் இரு முனைகளை இருவர் பிடிப்பார்கள்; நடுவில் கிடக்கும் பச்சைக் குழந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருளும். தலைக்கு ஒரு பிடிமானமும் இல்லை. சில ஊர்களில் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் உண்டு. மிரண்டோ களைத்தோ குழந்தை வாயடைத்தால், உரம் எடுபட்டதாகக் கணக்கு. அன்போடு செய்தாலும், நிற்காத கழுத்துக்கு இது வேண்டாத விபரீதம்.

1998 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மார்க் டயஸ் என்ற மருத்துவர் ஒரு காரியம் தொடங்கினார். பிரசவமான தாய் வீடு திரும்புமுன் தாய், தகப்பன் இருவரையும் உட்காரவைத்து, உலுக்கினால் என்ன ஆகும் என்று விளக்கி, கேட்டுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குவது. ஐந்தரை ஆண்டில் இந்தக் காயங்கள் 47 சதவீதம் குறைந்தன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பார் நடத்திய திட்டம், அழுகையின் கணக்கையே முதலில் சொல்லிக்கொடுத்தது. இரண்டு வயதுக்கு உட்பட்டோரில் இந்தக் காயங்கள் 35 சதவீதம் குறைந்தன. ஆனால் டயஸின் முறையை பென்சில்வேனியா மாநிலம் முழுக்கக் கொண்டுபோனபோது மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை. கனடாவில் பெற்றோர் வீடு திரும்பிய பிறகு செவிலியர் மறுபடியும் சொன்னார்கள். அதுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிரசவக் களைப்பில் ஒருமுறை கேட்டது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

சொல்லவேண்டிய செய்தி எளிது. பசியா, ஈரத்துணியா, காய்ச்சலா என்று பாருங்கள். எதுவும் இல்லை, அழுகையும் நிற்கவில்லை, உங்களுக்குள் கோபம் ஏறுகிறது என்றால் குழந்தையைத் தரைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். முகம் கழுவுங்கள், யாரையாவது போனில் கூப்பிடுங்கள். பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். பத்து நிமிடம் அழுததால் எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆகிவிடாது. இரவில் குழந்தையை வைத்துக்கொள்ளும் அப்பாவுக்கும், பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்.

கத்கெல்ச் நூறு வயது வாழ்ந்து 2016இல் மறைந்தார். மண்டைக்குள் ரத்தம் இருந்தாலே யாரோ உலுக்கினார்கள் என்று நீதிமன்றங்கள் முடிவுகட்டுவது கடைசிக் காலத்தில் அவரை உறுத்தியது. வேறு நோய்களாலும் ரத்தம் கசியலாம் என்று வாதாடினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் உலுக்கலாம் என்று இரு தரப்பிலும் யாரும் சொல்லவில்லை.

ஒருவேளை உலுக்கிவிட்டால், அதை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. வாந்தி, பால் குடிக்காமை, தூங்கி வழிவது என்று மட்டும் சொன்னால், மருத்துவர் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடலாம். 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இப்படிக் காயப்பட்ட 173 குழந்தைகளில் 54 பேருக்கு முதலில் காரணம் பிடிபடவில்லை. உச்சிக்குழி புடைத்திருந்தாலோ, வெட்டி வெட்டி இழுத்தாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ 108ஐ அழையுங்கள். உலுக்கியதையோ உரம் எடுத்ததையோ சொன்னால்தான் மருத்துவர் உடனே தலைக்கு ஸ்கேன் எடுப்பார்.