மனம் நிலைகொள்ளும் இடம்

மனம் ஒருபோதும் வெறுமையாய் இருப்பதில்லை; ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டே இருக்கும். அது பற்றும் பொருளைத் தெரிந்தெடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டோ? உண்டு என்கிறது கிறிஸ்தவ சமயம். அதற்குச் சான்றாய் நிற்பது, சிறைக் காவலில் எழுதப்பெற்ற ஒரு நிருபம்.

மக்கெதோனியா நாட்டுப் பிலிப்பி, உரோமரின் குடியேற்ற நகரம். கி.மு. 42ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்த பெரும்போருக்குப் பின்னர், ஓய்வுபெற்ற போர்வீரர் பலர் அங்கே குடியமர்த்தப்பட்டனர். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்தபின், அந்நகரத்துச் சபையாருக்குப் பவுலடியார் நிருபம் எழுதினார். நான்கே அதிகாரங்கள் கொண்ட சிறிய நிருபம் அது. எழுதியவரோ விலங்கு பூண்ட கைதி. தமக்கு வாய்ப்பது விடுதலையோ மரணமோ என்று அறியாதவர்.

அத்தகைய ஒருவரின் மனம் விலங்கையே சுற்றிவருதல் இயல்பு. ஆயினும், அந்நிருபத்தில் மகிழ்ச்சியே மீண்டும் மீண்டும் பேசப்படுகிறது. நான்காம் அதிகாரத்தில் அவர் ஒரு வரிசை தருகிறார்: உண்மையானவை, மதிப்புக்குரியவை, நீதியானவை, தூயவை, அன்புக்குரியவை, நற்பெயர் பெற்றவை. இவற்றிலே மனத்தைச் செலுத்துமாறு அறிவுறுத்துகிறார். இவ்விடத்தில் சிந்தித்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல், கணக்கிடுதல் என்றும் பொருள்படும். வணிகன் ஒருவன் தன் பேரேட்டிலே செலவை மட்டும் பதிந்து வரவை விட்டுவிட்டால், அவன் கணக்குப் பிழையாகும். துன்பத்தை எண்ணி நன்மையை எண்ணாத மனத்தின் கணக்கும் அத்தகையதே.

துயரத்தைக் காணாதபடி கண்ணை மூடிக்கொள்வதன்றோ இது எனச் சிலர் வினவலாம். அவ்வரிசையில் முதலிடம் பெறுவது உண்மை என்பதை அவர்கள் நோக்குதல் வேண்டும். பவுலடியார் தம் விலங்கை மறைக்கவில்லை. பிலிப்பியிலிருந்து உதவி கொணர்ந்த எப்பாப்பிரோதீத்து நோயுற்று மரணத்தை அணுகியதைக் கூறுகிறார். சபையிலே மனம் வேறுபட்ட எயோதியாள், சிந்திகேயாள் என்னும் பெண்மணிகளைப் பெயர் சுட்டியே ஒற்றுமைக்கு அழைக்கிறார். துன்பத்தைக் கண்டார், சொன்னார். ஆனால் மனத்தின் அரசிருக்கையை அதற்கு அளித்தாரில்லை.

இது தனி மனிதனின் மனவுறுதியால் மட்டும் கைகூடுவதோ? அவ்வரிசைக்கு முன்னர் அவர் பேசுவது இறைவேண்டலைப் பற்றியே. கவலைகளை நன்றியறிதலோடு இறைவனிடம் ஒப்புவிப்போரின் உள்ளத்தை இறைவனருளும் சமாதானம் காக்கும் என்கிறார். காத்தலுக்கு அவர் ஆண்ட சொல், படைவீரர் ஒரு நகரைக் காவல்புரிவதைக் குறிப்பது. போர்வீரர் குடியேறிய நகரத்தாருக்கு, காவலர் நடுவிலிருந்த கைதி எழுதிய சொல் அது!

நேயர்களே, பிறர் கூறிய சுடுசொல் ஒன்றை ஒரு நாளிலே நூறு முறை நினைக்கிறோம். அதே நாளிற் பெற்ற உதவியை ஒரு முறையேனும் நினைக்கிறோமா? இன்றிரவு துயிலுமுன் அதனையும் கணக்கிலே சேர்த்துப் பார்ப்போமாக.