வளைந்த வீச்சு, நேரான பந்து

குழிப்பந்து விளையாட்டைக் கற்பிக்கும் நூல்கள் மட்டையை வீசும் முறையைப் படிப்படியாக விளக்குகின்றன. மட்டையை எப்படிப் பிடிப்பது, எந்தக் கோட்டில் பின்னோக்கி உயர்த்துவது, எந்தக் கோட்டில் இறக்குவது என அனைத்திற்கும் அவற்றில் படங்கள் உண்டு. ஜிம் ஃபியூரிக்கின் ஆட்டம் அந்தப் படங்களில் எதனோடும் பொருந்தாது.

அமெரிக்கரான ஃபியூரிக், மட்டையை உடலைவிட்டு விலக்கிச் செங்குத்தாக உயர்த்துவார். உச்சிக்குச் சென்ற மட்டை அங்கே ஒரு வளையம் போட்டுவிட்டு, உடலை ஒட்டிக் கீழே இறங்கும். முதன்முறை பார்ப்பவர், இவர் இப்போதுதான் விளையாடக் கற்றுக்கொள்கிறார் என்றே நினைப்பார். ஆனால், 2003இல் அமெரிக்க ஓபன் போட்டியில் வாகை சூடியவர் அவர். 2016 ஆகஸ்டில், கனெக்டிகட் மாநிலத்தில் நடைபெற்ற போட்டியின் கடைசிச் சுற்றில், 18 குழிகளையும் அவர் 58 அடிகளில் முடித்தார். அத்திடலுக்கு வகுக்கப்பட்ட அளவு 70 அடிகள். பிஜிஏ டூர் தொடரில் அதற்கு முன் எவரும் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்ததில்லை.

இது எப்படி இயன்றது? மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம், ஒரு வினாடியில் ஏறத்தாழ 2000இல் ஒரு பங்குதான். அக்கணத்தில் மட்டையின் முகம் எத்திசையை நோக்கியுள்ளது, மட்டை எவ்வழியில், எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, முகத்தின் எந்த இடத்தில் பந்து படுகிறது ஆகியவையே பந்தின் போக்கை முடிவு செய்கின்றன. பந்து இலக்கிலிருந்து ஒரே ஒரு பாகை விலகிப் புறப்பட்டாலும், 200 மீட்டர் தொலைவில் அது சுமார் மூன்றரை மீட்டர் தள்ளிப் போய்விடும். ஃபியூரிக்கின் மட்டை மேலே எப்படி வளைந்தாலும், பந்தைத் தொடும் கணத்தில் தவறாமல் சரியான நிலைக்கு வந்துவிடுகிறது.

அப்படியானால் நூல்கள் கூறும் முறை வீண்தானா? இல்லை. அம்முறையில் மட்டை அதிகம் அலைவதில்லை. எனவே, இடையில் திருத்த வேண்டியதும் குறைவு. புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய உதவி. மேலும், ஃபியூரிக்கைப் பயிற்சி பெறாதவர் என்று எண்ணிவிடக்கூடாது. குழிப்பந்துப் பயிற்றுநரான தந்தையே அவருக்கு ஆசான். மகனின் வளையத்தை அவர் நேராக்கவில்லை. பயிற்றுநர் ஒருவருக்கு இது எளிதான முடிவன்று.

லீ ட்ரெவினோவின் கதை வேறு. டெக்சாஸில் வறுமையில் வளர்ந்த அவர், பிறருடைய மட்டைப் பைகளைச் சுமந்தவர். பெரும்பாலும் தாமாகவே ஆடக் கற்றவர். இலக்குக்கு இடப்புறம் குறிவைத்து நிற்பார். பந்து வலப்புறமாக வளைந்து இலக்கை அடையும். 1968 அமெரிக்க ஓபன் போட்டியில் நான்கு சுற்றுகளையும் 70க்குக் குறைவான அடிகளில் முடித்து வென்றார். அப்போட்டியில் அவ்வாறு செய்த முதல் ஆட்டக்காரர் அவரே. 1971இல், மெரியன் திடலில் சமநிலையை முறிக்க நடந்த கூடுதல் சுற்றில், புகழின் உச்சியில் இருந்த ஜாக் நிக்லாஸையும் வீழ்த்தினார்.

இன்று மட்டைமுகத்தின் திசையையும் மட்டை நகரும் வழியையும் ரேடார் கருவிகள் உடனுக்குடன் காட்டிவிடுகின்றன. ஆகவே, வீச்சின் தோற்றத்தை மட்டும் பார்த்துக் குறை சொல்ல வேண்டிய தேவை பயிற்றுநருக்கு இல்லை. மாணவரின் பந்து ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கம் சென்றால் வீச்சைத் திருத்தத்தான் வேண்டும். எப்போதும் ஒரே அளவில், ஒரே பக்கம் வளைந்தால், ட்ரெவினோவைப் போல நிற்கும் திசையைச் சற்று மாற்றிக்கொண்டாலே போதும்.