என்ஃபீல்டு 1853: இந்தப் பழைய துப்பாக்கியை அடையாளம் காண்பது எப்படி?

திரையில ரெண்டு துப்பாக்கி தெரியுது. ஒரே நீளம், ஒரே மாதிரி கட்டை, குழலைக் கட்டையோட சேர்த்துப் பிடிக்கிற மூணு இரும்புப் பட்டை. ஒண்ணு, 1857 எழுச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி இந்தியச் சிப்பாய்களுக்காகக் கொண்டுவந்தது. இன்னொண்ணு, எழுச்சியை அடக்கின பிறகு அவங்களுக்குக் கொடுத்தது. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல்ல பாதுகாப்பு. குழல் வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்குள்ள நூறு வருஷத்துக்கு முன்னாடி போட்ட மருந்து அப்படியே இருக்கலாம். ஈரம் படாத கருமருந்து இன்னைக்கும் வெடிக்கும். அதனால வாயை யார் பக்கமும் திருப்பாதீங்க, விசையைத் தொடாதீங்க. ஒரு மரக்குச்சியை மெதுவா அடிவரைக்கும் விட்டு, வாயோரத்துல குச்சியில அடையாளம் போடுங்க. வெளியே எடுத்து, அந்த அடையாளத்தை வாய்க்கு நேரா வச்சுக் குழல் மேலயே அளந்து பாருங்க. குச்சி நுனி, மருந்தைப் பத்தவைக்கிற கேப் மாட்டுற காம்பு பக்கம் வரைக்கும் போகணும். ஒரு அங்குலம் குறைஞ்சாலும் உள்ளே ஏதோ இருக்கு. அப்படியே வச்சுட்டு போலீஸுக்குச் சொல்லுங்க.

குழல் காலியா? இப்ப வெளிப்பக்கம் பார்க்கலாம். மொத்த நீளம் சுமார் 55 அங்குலம், குழல் மட்டும் 39. கேப்பை அடிக்கிற குதிரைக்குப் பக்கத்துல இருக்கிற இரும்புத் தகட்டுல கிரீடம், வருஷம், ‘டவர்’ அல்லது ‘என்ஃபீல்டு’ன்னு முத்திரை இருக்கும். ‘டவர்’னு இருந்தா லண்டன் கோட்டையிலேயே செஞ்சதுன்னு நினைச்சுடாதீங்க, பர்மிங்காம் பட்டறைகள்ல செஞ்சதுலயும் அதே முத்திரைதான். கிரீடத்துக்குக் கீழே விக்டோரியா ராணியைக் குறிக்கிற ‘வி.ஆர்.’ இல்லைன்னா, அது பெரும்பாலும் தனியார் விற்பனைக்குச் செஞ்சது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு இந்த ரகம் லட்சக்கணக்குல போச்சு.

அசல் அடையாளம் குழலுக்குள்ள இருக்கு. டார்ச் அடிச்சுப் பாருங்க. மூணு பள்ளம் திருகித் திருகி உள்ளே போனா, அது 1853 ரைஃபிள். குழல் விட்டம் 0.577 அங்குலம். ஈயக் குண்டு அதைவிடச் சின்னது, அதனால சுலபமா உள்ளே இறங்கும். சுடும்போது குண்டோட அடிப்பக்கம் விரிஞ்சு, பள்ளத்தைக் கவ்வி, சுழன்றுகிட்டே வெளியே வரும். பள்ளம் இல்லாத பழைய மஸ்கெட் 100 கஜத்தைத் தாண்டினாலே குறி தவறும். இதுல பின்குறியை நிமிர்த்தினா 900 கஜம் வரைக்கும் அளவு போட்டிருக்கும்.

இந்த ரைஃபிளோட தோட்டா காகிதத்துல பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருக்குன்னு பரவின பேச்சுதான் சிப்பாய்களைக் கொதிக்க வச்சது. 1857 மார்ச் 29-ல பாரக்பூர்ல மங்கள் பாண்டேங்கிற சிப்பாய் எதிர்த்துக் கிளம்பினார், மே 10-ல மீரட்ல எழுச்சி வெடிச்சது. எழுச்சியை அடக்கின பிரிட்டிஷ்காரங்க 1858-ல புது ரகம் கொண்டுவந்தாங்க. வெளித்தோற்றம் அதேதான். ஆனா குழல் விட்டம் சுமார் 0.65 அங்குலம், பள்ளமே கிடையாது. பின்குறியும் அசையாத ஒரு சின்னத் துண்டு. இந்தியச் சிப்பாய் தூரத்துல இருந்து குறி பார்த்துச் சுடக்கூடாதுங்கிற பயம் அந்த வழுவழுப்பான குழல்ல அப்படியே பதிஞ்சிருக்கு.

கைக்கு ஒண்ணு கிடைச்சா, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. முத்திரை அழிஞ்சா அடையாளமே போயிடும். பழசுங்கிறதால லைசென்ஸ் வேண்டாம்னும் நினைக்காதீங்க. சுடக்கூடிய நிலையில இருந்தா, பழுது பார்த்துச் சுட முடிஞ்சாலும்கூட, ஆயுதச் சட்டம் அதுக்குப் பொருந்தும். காவல் நிலையத்துல சொல்லுங்க, பக்கத்து அருங்காட்சியகத்துல காட்டுங்க. பழைய இரும்புக் கடைக்கு மட்டும் போட்டுடாதீங்க.