கொரோனாவின் கடுமையைக் காட்டும் இரத்த அளவுகள்

கொரோனா நோயாளியின் நிலை மோசமாவதை முதலில் காட்டிக்கொடுப்பவை மூச்சுத்திணறலும் ஆக்சிஜன் குறைவும். உடலுக்குள் எது அடிபடுகிறது என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். தீவிர சிகிச்சைப் பிரிவில் அதைத் திரும்பத் திரும்பச் செய்வது அதற்காகவே.

இந்தச் சோதனைகளை எல்லையோர நோயாளிகளை முன்வைத்துப் பார்க்கலாம். 2020 ஜூலை 17 அன்று திருவனந்தபுரத்துப் பூந்துறையிலும், நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடலோர ஊரான புல்லுவிளையிலும் சமூகப் பரவல் ஏற்பட்டுவிட்டதாகக் கேரள முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். தெற்கே பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956இல் மாநில எல்லை வகுத்தபோது களியக்காவிளை இருக்கும் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சொந்தபந்தம் மட்டும் இரு பக்கமும் பரந்து கிடக்கிறது. கேரளம் நோயாளிகளை ஏ, பி, சி எனப் பிரித்தது. லேசான அறிகுறி ஏ. கடுங்காய்ச்சலோ, முதுமையோ, சர்க்கரை போன்ற இணைநோயோ இருந்தால் பி. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் வந்தால் சி. நோய் முற்றியவர்களுக்கு எல்லையின் கேரளப் பக்கம் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, தமிழ்நாட்டுப் பக்கம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி.

பரிசோதனைகளில் எளியது இரத்த அணுக்களின் எண்ணிக்கை. நிணநீர் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும். கடுமையான கொரோனாவில் அவை 800க்கும் கீழே இறங்குவது வழக்கம். அதே நேரத்தில் நியூட்ரோஃபில் அணுக்கள் கூடும். சிறிய ஆய்வகமும் செய்யக்கூடிய இந்தச் சோதனை, விலை கூடிய பலவற்றுக்குச் சளைத்ததல்ல.

அழற்சியை அளப்பது சி.ஆர்.பி. என்னும் கல்லீரல் புரதம். நலமாக இருப்பவரிடம் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்கும். கடுமையான நோயில் நூறைத் தாண்டும். சிகிச்சையையே முடிவுசெய்த அளவு என்ற வகையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, ஆக்சிஜன் குறைந்து சி.ஆர்.பி. 75ஐ எட்டியவர்களுக்கு டோசிலிசுமாப் கொடுத்துப் பார்த்தது. 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்ற பிரிவில் 31 சதவீதம், பெறாத பிரிவில் 35 சதவீதம். ஆனால் இந்த மருந்து சி.ஆர்.பி.யையே அடக்கிவிடும். பிறகு வேறு கிருமித் தொற்று வந்தாலும் அந்த எண் ஏறாமல் மருத்துவரை ஏமாற்றலாம்.

டி-டைமர் என்பது இரத்தக்கட்டி கரையும்போது மிஞ்சும் துண்டு. வூஹானின் இரண்டு மருத்துவமனைகளில் 191 பேரை ஆராய்ந்து 2020 மார்ச்சில் வெளியான கட்டுரை, சேரும்போதே இது மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டியவர்களுக்கு மரண வாய்ப்பு மிக அதிகம் என்றது. எண் கூடினால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினையும் கூட்டலாம் என்பது நியாயமான ஊகமாகத்தான் பட்டது. 2021இல் வெளியான ஆய்வுகள் அதை உடைத்தன: தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு முழு அளவு ஹெப்பாரின் பலன் தரவில்லை; அந்த நிலைக்குப் போகாத நோயாளிகளுக்கே உதவியது. ஆபத்தைக் காட்டும் எண் மருந்தின் அளவையும் சொல்லிவிடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். எல்.டி.எச். திசுச் சிதைவைக் காட்டும். 250 அலகு வரை இயல்பு. ஃபெரிட்டின் அழற்சியால் ஏறும், ஆனால் கல்லீரல் நோயிலும் ஏறும் என்பதால் தனியே நம்பத்தக்கதல்ல. ட்ரோபோனின் இதயத்துக்கும், கிரியேட்டினின் சிறுநீரகத்துக்கும் உரியவை. புரோகால்சிட்டோனின் ஏறினால் பாக்டீரியா சேர்ந்துவிட்டதோ என்று சந்தேகிக்க வேண்டும். தமனி இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, உள்ளிழுக்கும் காற்றில் உள்ள ஆக்சிஜனின் பங்கால் வகுத்தால் வரும் எண் நுரையீரலின் நிலையைக் காட்டும். 300க்குக் கீழே பாதிப்பு, 100க்குக் கீழே மிகக் கடுமை.

ஒற்றை எண்ணைவிட நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள வேறுபாடே பெரிது. எல்லையோர நோயாளிகளுக்கு அங்கேதான் ஒரு சிக்கல். டி-டைமரை இரண்டு அலகுகளில் எழுதுவார்கள். ஒன்றில் 1000 என்பது மற்றதில் ஏறத்தாழ 500. நெய்யாற்றின்கரையில் ஒரு நாளும் நாகர்கோவிலில் மறுநாளும் எடுத்த சீட்டுகளை அலகு பாராமல் ஒப்பிட்டால், மாறாத நோய் பாதியாகக் குறைந்ததாகத் தோன்றும். வழியில் குலுங்கிச் சிவப்பணுக்கள் உடைந்த மாதிரியில் எல்.டி.எச். பொய்யாக உயரும், அப்போது புதிதாக இரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.