உங்களுக்குத் தெரியுமா? ஈப்போவிலிருந்து வலென்சியாவுக்கு ஒரு செமஸ்டர்

கம்பாரிலோ ஸ்ரீ இஸ்கண்டாரிலோ தஞ்சோங் மாலிமிலோ படிக்கும் பிள்ளை, "மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஸ்பெயினுக்குப் போகிறேன்" என்று வந்து நின்றால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "அங்கே சோறு கிடைக்குமா?" என்பதுதான். தாராளமாகக் கிடைக்கும். மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் வலென்சியா, ஸ்பெயினின் மூன்றாவது பெரிய நகரம். போகிற பிள்ளையும் அனுப்புகிற பெற்றோரும் அந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள் இதோ.

★ முன்னே போன மலாக்காக்காரர்

ஸ்பெயினுக்கு நம் பக்கத்து ஆள் ஒருவர் 500 ஆண்டுகளுக்கு முன்பே போயிருக்கிறார். 1511-இல் மலாக்கா போர்த்துக்கீசியர் கையில் விழுந்தபோது, கடலோடி மெகல்லன் ஓர் இளைஞரை அடிமையாகப் பெற்றார். என்ரிக்கே என்று பெயரிட்டு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 1519-இல் செவில் நகரில் மெகல்லன் எழுதிய உயில், என்ரிக்கே மலாக்காவில் பிறந்தவர் என்கிறது. வயது ஏறக்குறைய 26 என்றும் குறிக்கிறது. தான் இறந்தால் அவருக்கு விடுதலையும் 10,000 மராவேதி பணமும் தர வேண்டும் என்பது உயிலின் வாசகம். 1521-இல் பிலிப்பீன்ஸில் மெகல்லன் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர்கள் என்ரிக்கேயை விடுவிக்க மறுத்துவிட்டார்கள்.

★ 90 நாள் கணக்கு

மலேசியக் கடப்பிதழ் இருந்தால் விசா இல்லாமலேயே ஸ்பெயினுக்குள் நுழையலாம். ஆனால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் தங்க முடியும். வார இறுதியில் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் போய் வந்தாலும் அந்த நாள்களும் இதே கணக்கில் சேரும். ஒரு செமஸ்டர் 90 நாளில் முடியாது. அதனால் மாணவர் விசாவைப் புறப்படும் முன்பே கோலாலம்பூரில் உள்ள ஸ்பெயின் தூதரகம் வழியாக எடுத்துவிடுவது நல்லது. ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள், போய் இறங்கிய ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துக் கைரேகை பதிய வேண்டும். குடியிருக்கும் முகவரியை நகராட்சியில் பதிவு செய்வது தனி வேலை. வாடகை ஒப்பந்தத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

★ சூரியன் ஒரு பக்கம், கடிகாரம் ஒரு பக்கம்

ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டரை, மூன்று மணிக்கு என்று கேட்டதும் பலர் மூக்கின்மேல் விரல் வைப்பார்கள். கோளாறு வயிற்றில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. கிரீனிச் தீர்க்கரேகை வலென்சியாவுக்கு அருகிலேயே போகிறது. ஆனால் 1940-இல் ஃபிராங்கோ ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஜெர்மனியின் நேரத்துக்கு மாற்றியது. பிறகு அதை யாரும் பின்னுக்கு இழுக்கவில்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் கூடுவதால், அப்போது சூரியன் உச்சிக்கு வருவதே இரண்டு மணிக்குத்தான்.

நாம் மட்டும் என்ன? தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-இல் சபா, சரவாக்கோடு சேர்ந்துகொள்ள அரை மணி நேரம் முன்னே நகர்ந்தது. ஈப்போவில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஏறக்குறைய ஒன்றேகால். ஜப்பான்காரன் காலத்தில் தோக்கியோ நேரமே இங்கே நடந்தது. தோட்டத்தில் அப்போது பெரட்டுக்குப் போனவர்கள் நட்டநடு இருட்டில் போயிருப்பார்கள்.

★ வீட்டுக்குப் போன் போடும் நேரம்

குளிர்காலத்தில் வலென்சியா நம்மைவிட 7 மணி நேரம் பின்னே இருக்கும். கோடையில் 6 மணி நேரம். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று இது மாறும். பிள்ளை இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டு அம்மாவை அழைத்தால், குளிர்காலத்தில் இங்கே விடிகாலை நாலரை. அங்கே மதியம் இரண்டு மணி என்றால் இங்கே இரவு எட்டு அல்லது ஒன்பது. இரு வீட்டுக்கும் அதுதான் தோது.

★ பத்து மணிப் பசியாறல்

வலென்சியாவில் காலை பத்து மணிக்குச் சிற்றுண்டிக் கடைகள் நிரம்பி வழியும். முதலில் மேசைக்கு வருவது தோலோடு வறுத்த கடலையும் ஒலிவக்காய் ஊறுகாயும். பிறகு முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி. அதற்குள் முட்டை உருளைக்கிழங்கு அடை, தொத்திறைச்சி, வதக்கிய மிளகாய் என்று கேட்டதை அடைத்துத் தருவார்கள். கடைசியில் காப்பி. 'எஸ்மோர்சாரெட்' எனப்படும் இந்தப் பழக்கம், விடியும் முன்பே வயலுக்குப் போன உழவர்களிடமிருந்து வந்தது.

நம் பால்மரத் தோட்டங்களிலும் இதே ஒழுங்குதான். வெயில் ஏறினால் பால் சொட்டுவது குறையும் என்பதால் இருட்டிலேயே மரம் சீவப் போனார்கள். சீவி முடித்து, மங்கு நிறையும் வரை கிடைத்த இடைவெளியில் பசியாறினார்கள்.

★ சைவம் காக்கும் பிள்ளைக்கு

வெள்ளிக்கிழமை சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. வலென்சியாவில் சாலட் என்று கேட்டு வாங்கினாலும் மேலே சூரைமீன் தூவி வரலாம். காய்கறிக் கூட்டில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வரும். மீன், முட்டை, பன்றி இறைச்சி மூன்றையும் பெயர் சொல்லி மறுப்பதே நல்லது.

★ காந்தலுக்குப் போட்டி

பாயேயா என்ற சோற்றின் தாய்வீடு வலென்சியாதான். இறால், சிப்பி போட்டுத் தருவதை உலகமெல்லாம் பார்த்திருக்கிறோம். உள்ளூர்க்காரர்களின் பழைய முறையில் கோழி, முயல், பட்டை பீன்ஸ், பெரிய வெள்ளை அவரை, குங்குமப்பூ ஆகியவைதான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கான சாப்பாடு இது. அகலமான தட்டையான இரும்புச் சட்டியில் அரிசியைப் பரப்பிய பிறகு கரண்டி போட்டுக் கிளறக் கூடாது. அடியில் பிடிக்கும் பொன்னிறக் காந்தலைச் சுரண்டி எடுக்க வீட்டில் போட்டியே நடக்கும்.

அரிசி வருவது நகரத்துக்குத் தெற்கே உள்ள அல்புஃபேரா ஏரிக்கரை வயல்களிலிருந்து. பேராக்கிலும் பாரிட் புந்தார், பாகான் செராய் வட்டாரத்துக் கிரியான் வயல்கள் உண்டே! அவற்றுக்குப் புக்கிட் மேரா அணைத் தண்ணீர் 1906-லேயே பாயத் தொடங்கியது.

★ கோரை இனத்துக் கிழங்கில் பால்

கோரைப்புல் இனத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் கிழங்கை ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, சர்க்கரை கலந்து குளிரவைத்தால் 'ஓர்சாத்தா' தயார். வலென்சியாவை ஒட்டிய அல்போராயா இதற்குப் பேர்போன ஊர். மாட்டுப்பால் ஒரு துளியும் இல்லை. ஈப்போவில் சோயாபால் குடித்து வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமாகத் தெரியாது.

★ பாடம் எந்த மொழியில்?

வலென்சியா வட்டாரத்துக்கு ஆட்சிமொழி இரண்டு: ஸ்பானியம் ஒன்று, கத்தலான் மொழியின் உள்ளூர் வடிவமான வலென்சியம் மற்றொன்று. 1499-இல் தொடங்கிய வலென்சியா பல்கலைக்கழகத்தில் ஒரே பாடம் ஒரு வகுப்பில் ஒரு மொழியிலும் அடுத்த வகுப்பில் மறு மொழியிலும் நடக்கும். ஆங்கில வகுப்புகள் சில பாடங்களுக்கு மட்டுமே. பாடத்தைத் தேர்வு செய்யும்போதே மொழியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் 10-க்கு, 5 எடுத்தால் தேர்ச்சி. எல்லாவற்றுக்கும் மேலான சிறப்புத் தகுதி, வகுப்பில் 5 விழுக்காட்டினருக்கு மேல் தரப்படாது.

★ கோயில் வாசலில் தண்ணீர்ப் பஞ்சாயத்து

வியாழக்கிழமை பகல் 12 மணிக்கு வலென்சியா பேராலயத்தின் வாசலில் எட்டுப் பேர் கறுப்பு அங்கி போட்டு வட்டமாக உட்காருவார்கள். இவர்கள் எட்டு வாய்க்கால்களின் உழவர்கள் தேர்ந்தெடுத்த நீதிபதிகள். யார் மடையை முறைதவறித் திறந்தார், யார் தண்ணீரை வீணாக்கினார் என்ற வழக்குகளை அங்கேயே வாய்மொழியாக விசாரித்து, அங்கேயே தீர்ப்புச் சொல்வார்கள். வழக்கறிஞர் கிடையாது. யுனெஸ்கோ 2009-இல் இதை மனிதகுல மரபுச் சின்னமாக ஏற்றது. வழக்கே இல்லாத வாரத்திலும் கூடிக் கலைவார்கள். பார்க்கக் கட்டணம் இல்லை.

★ ஆறு இருந்த இடத்தில் பூங்கா

1957 அக்டோபரில் தூரியா ஆறு பெருகி வலென்சியாவில் 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு புதுக் கால்வாய் வெட்டி ஆற்றையே நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிட்டது. பழைய படுகை இன்று பல கிலோமீட்டர் நீளப் பூங்கா. மாணவர்கள் சைக்கிளில் வகுப்புக்குப் போகும் வழி. 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் அந்தப் புதுக் கால்வாய் நகரத்தின் மையத்தைக் காத்தது. அதற்குத் தெற்கே இருந்த ஊர்கள் மூழ்கின. மாகாணத்தில் 220-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறுநாள்களில் துடைப்பமும் மண்வெட்டியும் எடுத்துப் பாலத்தைக் கடந்து சேறு அள்ளப் போன ஆயிரக்கணக்கானோரில் மாணவர்கள் ஏராளம்.

★ மார்ச்சில் ஒரு போகி

மார்ச் 1 முதல் 19 வரை தினமும் பகல் 2 மணிக்கு நகராட்சித் திடலில் வெடி வெடிப்பார்கள், வெளிச்சத்துக்காக அல்ல, சத்தத்துக்காகவே. தெருமுனைகளில் அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்யும் ராட்சத பொம்மைகளை நிறுத்தி, 19-ஆம் தேதி இரவு கொளுத்துவார்கள். 'ஃபாயாஸ்' என்னும் இந்தத் திருவிழாவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பொம்மைக்கு மட்டும் மன்னிப்பு. 1934 முதல் இந்த வழக்கம். அந்த வாரம் படிக்க வேண்டியிருந்தால் வேறு ஊருக்குப் போய்விடுங்கள்.

★ ரப்பரைப் பார்த்த ஸ்பெயின்

மெக்சிகோவைப் பிடித்த கோர்த்தேஸ், 1528-இல் அந்நாட்டுப் பந்தாட்டக்காரர்களை ஸ்பெயினுக்கு அழைத்து வந்தார். கெட்டியான ரப்பர்ப் பந்தை அவர்கள் இடுப்பால் மோதி விளையாடியதை, ஜெர்மானிய ஓவியர் கிறிஸ்டோஃப் வைடிட்ஸ் வரைந்து வைத்திருக்கிறார். அந்தப் பந்துக்கான ரப்பர்ப் பால் வேறொரு மரத்தினுடையது. நம் தோட்டங்களின் பிரேசில் மரம் கோலகங்சாருக்கு வந்தது 1877-இல்தான். அன்று நட்ட 9 கன்றுகளில் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது.

★ மூன்று கையெழுத்து

1950-களின் கடைசியில் சோஃபியா கொராதி என்ற இத்தாலிய மாணவி, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து ரோம் திரும்பினார். அந்தப் படிப்பைச் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்தது. அந்த அவமானம் அவரைப் பல ஆண்டு போராட வைத்தது. 1987-இல் 'எராஸ்மஸ்' மாணவர் பரிமாற்றத் திட்டம் பிறந்தது. முதல் ஆண்டில் போனவர்கள் 3,244 பேர். இன்று ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளுக்கும் அதில் இடம் உண்டு. இத்திட்டத்தில் போகிறவர் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

கொராதிக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்காமல் காப்பது ஒரு படிப்பு ஒப்பந்தம். அங்கே படிக்கும் பாடங்களை இங்கே கணக்கில் எடுத்துக்கொள்வோம் என்று மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் மூவரும் அதில் கையெழுத்திட வேண்டும். பெட்டியில் மிளகாய்த்தூளைத் திணிக்கும் முன், அந்த மூன்று கையெழுத்தும் விழுந்துவிட்டதா என்று பிள்ளையைக் கேளுங்கள்.